கல்யாணக் கார் தொழில்: அனுபவசாலிகள் வழிகாட்டுங்கள்

கும்பகோணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விட ஒரு சொகுசுக் கார் வாங்க எண்ணியிருக்கிறேன். முதலில் நீளமான லிமோசின் மீதுதான் ஆசை. கும்பேசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் என் மைத்துனரின் வேனே இரண்டு முறை பின்னால் எடுத்துத்தான் திரும்புகிறது. அதைப் பார்த்ததும் ஆசை அடங்கிவிட்டது.

பழைய சொகுசுக் கார் வாங்கியவர்கள் சொல்லுங்கள்: சொந்த வண்டிக்கான வெள்ளை நம்பர் பலகையை வாடகை வண்டிக்கான மஞ்சளாக்கி, பெர்மிட், தகுதிச் சான்று, வாடகை வண்டிக்கான இன்சூரன்ஸ் எல்லாம் முடிக்க மொத்தம் எவ்வளவு ஆயிற்று? பழுதானால் தஞ்சாவூரிலேயே பார்க்கிறார்களா, திருச்சிக்குத்தான் இழுத்துப் போக வேண்டுமா?

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, கடன் தவணைக்கு மாதம் தெரியாது. அப்போது நவக்கிரகக் கோயில் சுற்றுக்கு விட்டால் கட்டுப்படியாகுமா? 2028 மகாமகத்தை நம்பி இப்போதே இறங்குவது அவசரம் என்கிறார் அப்பா. ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு வீட்டார் கேட்டால் முன்பணத்தை எப்படிக் கையாளுகிறீர்கள்?