'குறை ஊடுருவல் அறுவை' வேண்டாமே

> மினிமலி இன்வேசிவ் என்பதைக் 'குறை ஊடுருவல் அறுவை' என்றே வைத்துவிடலாம்.

வணக்கம் ஐயா,

சிறு துளைகள் வழியே செய்யும் அறுவைக்கு இப்படிப் பெயர் எழுத என் கை வரவில்லை. மதுரையில் அறுவைச் சிகிச்சை ஒப்புதல் படிவங்களைத் தமிழில் எழுதுவது என் வேலை. கட்டி என்று பேச்சு வந்தாலே, புற்று பக்கத்துச் சதைக்குள் பாய்வதைத்தான் 'ஊடுருவல்' என்கிறோம். 'அட்ரினல் கட்டிக்குக் குறை ஊடுருவல் அறுவை' என்று எழுதினால் (அட்ரினல், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பி), ஊடுருவுவது கட்டியா, கத்தியா?

இதற்கே முன்பு இங்கே வந்த 'வயிற்றறை நோக்கி அறுவை'யும் முழுக்கப் பொருந்தாது. 1992இல் அறுவை மருத்துவர் மிஷேல் கான்யே லேப்ராஸ்கோப்பியால் (துளைவழி விடும் கேமராக் குழாயால்) அட்ரினலை எடுத்ததை வெளியிட்டபோது வயிற்றுவழிதான். இப்போது குப்புறப் படுக்கவைத்து, வயிற்றறையைத் தொடாமலே முதுகுவழியாகவும் எடுக்கிறார்கள். இரண்டுக்கும் பொது, துளை. ஆகவே 'சிறுதுளை அறுவை'. (கட்டியைப் பையில் போட்டு வெளியே இழுக்க ஒரு துளையைச் சற்று அகட்டுவார்கள், அதற்காகப் பெயரை மாற்ற வேண்டியதில்லை.)

சுரப்பிக்கு 'அண்ணீரகம்' நல்ல சொல்: அண் + நீரகம், சிறுநீரகத்தை அண்டியது. புணர்ச்சியில் பிழையில்லை. ஆனால் உசிலம்பட்டிப் பக்கத்து அப்பத்தா ஒருவருக்குப் பேரன் படிவத்தை வாசித்தபோது, "கண்ணீரகமா? கண்ணுல எனக்கு ஒண்ணுமில்லையேப்பா, பிரஷருக்குத்தானே வந்தோம்" என்றார். படிவத்தில் அடித்துவிட்டு 'அட்ரினல் சுரப்பி' என்று எழுதினேன். பாடநூலில் அண்ணீரகம் இருக்கட்டும்.

அடுத்து அந்த அப்பத்தா கேட்டதுதான் எனக்குச் சிக்கல். "கட்டிய எடுத்துப்புட்டா மாத்திரைய நிப்பாட்டிரலாம்ல?"

அவருக்கு, பிரஷரை ஏற்றும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை மிகையாய்ச் சுரக்கும் கட்டி. 'குணமாகும்' என்ற ஒரே சொல் இங்கே பொய்யாகிவிடும். 2017இல் பல நாட்டு மருத்துவர்கள் கூடி, ஒரு பக்கச் சுரப்பியை எடுத்த இத்தகையவர்களுக்கென அளவுகோல் வகுத்தார்கள். அதன்படி, ரத்தப் பரிசோதனையில் முழுதும் சரியானவர்கள் 94 விழுக்காடு. மாத்திரையே இல்லாமல் பிரஷர் சரியானவர்கள் 37 விழுக்காடுதான். இன்னும் 47 விழுக்காட்டினருக்குப் பிரஷரோ மாத்திரையோ குறைந்ததோடு சரி. அவர்கள் இதை இரண்டு கணக்காக வைத்திருக்கிறார்கள், நமக்கும் இரண்டு சொல் வேண்டும். நான் 'சுரப்புத் தீர்வு', 'அழுத்தத் தீர்வு' என்று எழுதிப் பார்த்தேன். 'தீர்வு' பிடிக்காதவர்கள் வேறு தாருங்கள். 'விளைவு' மட்டும் வேண்டாம். படிவத்தில் அதற்கு அடுத்த வரியே 'பக்கவிளைவு'.