புதுப்பிப்பு: அப்பாவின் எக்கோ 35 சதவீதம்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: எக்கோவில் (இதய ஸ்கேனில்) அப்பாவுக்கு 35 சதவீதம் என்று வந்திருக்கிறது, இதயத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்கிறதா என்று. நேற்று கிளினிக் போய் வந்தோம்.

அப்படி இல்லை. இடது கீழறையில் நிறையும் இரத்தத்தில் ஒரு துடிப்பில் எவ்வளவு வெளியேறுகிறது என்பதுதான் அந்த எண். நல்ல இதயமும் முழுவதையும் தள்ளாது. 50க்கு மேல் இருந்தாலே பெரும்பாலும் போதும். 40, அதற்குக் கீழ் என்றால் குறைவு. ஆனால் கடுமையை அது மட்டும் சொல்லாது.

டொக்டர் தாளை ஓரமாக வைத்துவிட்டு, "ஐயா, கோணேசர் கோயில் ஏற்றத்தில எத்தனை தரம் நிற்கிறீங்கள்?" என்று கேட்டார்.

"நிற்கிறதில்லை" என்றார் அப்பா.

"கோட்டை வாசல் தாண்டினதும் மான் பார்க்கிறன் எண்டு நிற்பார்" என்றார் அம்மா. மூச்சு வாங்கித்தான் நின்றிருக்கிறார். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

அப்புறம், தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று அறிய, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்று டொக்டர் கேட்டார். மூன்று. நீர் தேங்கியிருக்கிறதா என்று கணுக்காலைப் பெருவிரலால் அழுத்தினார். குழி அப்படியே நின்றது. இதயம் பலவீனமானவர்களை அறிகுறியை வைத்துப் பிரிக்கும் நியூயோர்க் இதயச் சங்கத்தின் நான்கு வகுப்பில் (நான்காவதுதான் கடுமை) அப்பா மூன்றாவது: இருக்கும்போது சுகம், முற்றம் கூட்டினாலே களைப்பு. மருந்தோடு இந்த வகுப்பு இரண்டுக்கோ ஒன்றுக்கோ இறங்கி, நிலை தேறலாமாம்.

இப்போது தினமும் காலையில், சாப்பிடுமுன் எடை பார்க்கிறோம். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடம்பில் நீர் சேருகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், உடனே கிளினிக் போக வேண்டும். இன்று 61.4.