கோடியக்கரை போகிறோம், உள்ளான்களை அடையாளம் காண உதவுங்கள்

வணக்கம். நாங்கள் சேலம் கன்னங்குறிச்சி. போன மார்கழியில் மூக்கனேரிக் கரையில் ஒரு உள்ளானைப் (நீர்க்கரையில் இரை தேடும் சின்னப் பறவை) பார்த்தோம். சும்மா நிற்கும்போதும் அதன் பின்பக்கம் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து என் மகளுக்கு வேறு பேச்சே இல்லை. அதனால் இந்த ஜனவரியில் அவளைக் கோடியக்கரைக்குக் கூட்டிப்போகிறேன்.

பூநாரை தூரத்திலேயே தெரிந்துவிடும், சரி. வெளிமானும் அப்படித்தான். உள்ளான்களிலேயே ரொம்பச் சின்னதான கொசு உள்ளான்தான் பாடு. கால் கறுப்பாக இருந்தால் சின்னக் கொசு உள்ளான், மஞ்சளும் பச்சையுமாக இருந்தால் பச்சைக்கால் கொசு உள்ளான் என்று படித்தேன். ஆனால் சேறு அப்பிய காலில் நிறம் எங்கே தெரியும்? முதுகை வைத்துப் பிரிக்க முடியுமா? எங்களிடம் 8 மடங்கு பைனாகுலர்தான் இருக்கிறது.

அப்புறம், வெயில் முகத்தில் அடிக்காமல் பார்க்கக் காலை நல்லதா, மாலையா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.