புதுப்பிப்பு: ஏசி அறைக்கு ஹியூமிடிஃபையர், விக் மணம் - முடிஞ்சுது

போன மாசம் கேட்டிருந்தன், வெள்ளவத்தை வீட்டில ஏசி போட்டுப் படுத்தா மகளுக்கு விடிய மூக்கும் தொண்டையும் காயுது எண்டு விக் (தண்ணியை உறிஞ்சிற திரி) வச்ச ஹியூமிடிஃபையர் (காத்துக்கு ஈரம் குடுக்கிற மெஷின்) வாங்கினன், ரெண்டு கிழமையில ஊத்தை மணம் எண்டு. பதில் போட்ட எல்லாருக்கும் பெரிய நன்றி.

முதல்ல ஈரப்பதன் மீற்றர் ஒண்டு வாங்கிப் பாருங்கோ எண்டு ஒரு அக்கா சொன்னதுதான் சரியா வந்தது. மெஷின் இல்லாம ராவு முழுக்க ஏசி ஓடியும் 54%, மெஷின் போட்டா 66%. வீட்டுக்குள்ள 60க்கு மேல போகக்கூடாது, பூஞ்சணம் பிடிக்கும், அலுமாரிக்குப் பின்னால பாத்தா உண்மையாவே கறுப்புப் புள்ளி, நான் இதை எதிர்பாக்கவே இல்ல. ஏசிக் காத்து நேரா பிள்ளையின்ர முகத்தில அடிச்சதுதான் பிரச்சினை. ஏசியின்ர தகட்டை மேல திருப்பி, 20 பாகையில இருந்து 26 ஆக்கி, ஃபில்டரையும் கழுவினன், நாலாம் நாள் காயாத தொண்டை, சுகமான நித்திரை.

மணத்துக்கு: தண்ணியை ஒவ்வொரு நாளும் மாத்தோணும், தொட்டியைக் கழுவிக் காய வைக்கோணும். விக்கை விநாகிரியும் தண்ணியும் சரிபாதி கலந்து ஊறவிட்டு நல்லா அலசினன், வெள்ளைப் படிவு போச்சு, மணம் போகேல்ல, பூஞ்சணம் உள்ளுக்க போயிருந்தா புது விக்தான் போடோணும். முறுக்கிப் பிழியாதேங்கோ, கிழியும்.

இப்ப மெஷின் காய்ஞ்சு பெட்டிக்குள்ள இருக்கு. கொழும்பில வாங்க யோசிக்கிற ஆக்கள் முதல்ல மீற்றரை வாங்குங்கோ.