கல்வியியல் பிஎச்டி முதல் வருடம்: பயிற்சிப் பட்டறையா, பேராசிரியரின் புராஜெக்ட்டா?

பின்னக்கோடு (கேள்வி)

வணக்கம். ஒன்பது வருடம் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு இப்போது கல்வியியலில் முழுநேர பிஎச்டி சேர்ந்திருக்கிறேன், நான்கு மாதம் ஆகிறது. தலைப்பு இன்னும் கெட்டியாகவில்லை. பின்னக் கணக்கில் பிள்ளைகள் செய்யும் தவறுகளை ஆசிரியர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்ற திசையில் போய்க்கொண்டிருக்கிறது. (1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் பிள்ளையைப் பார்த்துக் "கவனக்குறைவு" என்று முடித்துவிடும் ஆசிரியரும் இருக்கிறார், "மேலே தனியாகக் கீழே தனியாகக் கூட்டியிருக்கிறான், அவனுக்கு அது ஒரே எண்ணாகத் தெரியவில்லை" என்று சொல்பவரும் இருக்கிறார். அந்த வித்தியாசம்தான் எனக்கு வேண்டும்.)

இந்தப் பருவத்தில் இரண்டு வாய்ப்பு ஒரே நேரத்தில் வந்து நிற்கிறது. ஒன்று, பல்கலைக்கழகமே நடத்தும் பத்து நாள் ஆய்வு முறையியல் பட்டறை: வினாநிரல் தயாரிப்பு, புள்ளியியல், கடைசி இரண்டு நாள் மல்டிலெவல் மாடல் (பிள்ளை, வகுப்பு, பள்ளி என்ற அடுக்குகளைக் கணக்கில் எடுக்கும் புள்ளியியல் முறை). முடிவில் சான்றிதழ் உண்டு. இன்னொன்று, எங்கள் துறையிலேயே வேறொரு பேராசிரியரின் புராஜெக்ட்டில் ஒரு வருட உதவியாளர் இடம். வாரம் பன்னிரண்டு மணி நேரம், ஆசிரியர்களை நேர்காணல் செய்வது, வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது, உதவித்தொகை சொற்பம்தான். சிக்கல் என்னவென்றால் பட்டறை நடக்கும் அதே வாரத்தில்தான் புராஜெக்ட்டின் முதல் களப்பணியும் தொடங்குகிறது. கைடிடம் கேட்டேன், "ரெண்டும் நல்லதுதான்" என்றார்.

எனக்குப் புள்ளியியல் என்றால் பயம், இரண்டு குழுவின் சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்ட்டுக்கு மேல் போனதில்லை. அதனால் பட்டறை பக்கமே மனசு சாய்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை

புராஜெக்ட்டுக்குப் போங்கள்.

நான் மூன்று பட்டறை முடித்தவன், மூன்று சான்றிதழும் ஃபைலில் பத்திரமாக இருக்கின்றன. பட்டறையில் கொடுக்கும் டேட்டா கழுவித் துடைத்து வைத்த டேட்டா. பொத்தானை அழுத்தினால் ஆல்ஃபா (வினாநிரலின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) 0.89 வரும், எல்லோரும் தலையாட்டுவோம். திரும்பி வந்து என் சொந்த டேட்டாவைத் திறந்தால் ஒரே வகுப்பு '7பி', 'ஏழு பி', '7 - பி பிரிவு' என்று மூன்று விதமாகப் பதிவாகியிருந்தது, நாற்பது பேர் கடைசிப் பக்கத்தையே நிரப்பவில்லை, இரண்டு பிள்ளைகள் எல்லாக் கேள்விக்கும் '3' போட்டிருந்தார்கள். இவர்களை என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. ஆய்வுப் பயிற்சி என்று நான் சொல்வது அந்த முடிவுகளை எடுக்கப் பழகுவதைத்தான், அதுவும் ஏற்கெனவே பத்துத் தடவை எடுத்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது.

ஆல்ஃபா என்றதும் ஞாபகம் வருகிறது. 0.7-க்கு மேல் வந்தால் கருவி நம்பகமானது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இந்த ஆல்ஃபாவைப் பற்றி க்ரான்பாக் தன் கட்டுரையை எழுதியது 1951-இல், இன்னும் நாம் அதைத் தாயத்து மாதிரிக் கட்டிக்கொண்டு அலைகிறோம். கேள்விகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலே அந்த எண் ஏறிவிடும். எல்லாக் கேள்வியும் ஒரே விஷயத்தைத்தான் அளக்கின்றன என்பதற்கு அது சாட்சி கிடையாது. இதை எனக்குச் சொன்னது பட்டறை இல்லை, ஒரு சீனியர். அவருடைய புராஜெக்ட்டில் நான் ஆறு மாதம் வினாத்தாள் எண்ணிக்கொண்டிருந்தபோது சொன்னார்.

நடுவரிசை

கரும்பலகை சொல்வதில் பாதி சரி. ஆனால் கேள்வி கேட்டவர் புள்ளியியல் பயத்தோடு அப்படியே நேர்காணல் பக்கம் ஒதுங்கிவிடக் கூடாது, புள்ளியியலைச் சரியாகப் பழகாமல் நான் அடிபட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

கல்வி ஆய்வில் ஒரு விசேஷமான பள்ளம் இருக்கிறது. பிள்ளைகள் தனித்தனியாகக் கிடைக்க மாட்டார்கள், வகுப்பு வகுப்பாகத்தான் கிடைப்பார்கள். ஒரே ஆசிரியர், ஒரே அறை, ஒரே கால அட்டவணை, அதனால் ஒரு வகுப்புப் பிள்ளைகளின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று ஒத்துப்போகும். நான் 6 வகுப்பில், வகுப்புக்கு 40 பேர் என்று 240 பேரிடம் தேர்வு வைத்துவிட்டு, 240 தனி ஆட்கள் என்று நினைத்து டி-டெஸ்ட் போட்டேன். பிரமாதமான முடிவு வந்தது. வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் ஒரு காகிதத்தை எடுத்து 1 + (40 − 1) × 0.2 என்று எழுதினார். வகுப்புக்குள் இருக்கும் ஒற்றுமை 0.2 என்று வைத்துக்கொண்டால் விடை 8.8. 240-ஐ 8.8-ஆல் வகுத்தால் 27 சொச்சம். "உங்களிடம் இருப்பது ஏறக்குறைய இருபத்தேழு பேருக்கான தகவல்தான்" என்றார். இரண்டு வருட உழைப்பு அந்த ஒரு காகிதத்தில் சுருங்கியது. திரும்ப எழுதிக் கொடுக்க எட்டு மாதம் ஆனது.

ஆகவே அந்த மல்டிலெவல் இரண்டு நாளை விடாதீர்கள். மற்ற எட்டு நாளை விடலாம்.

புள்ளியியலைப் பழகப் பட்டறையை விட நல்ல இடம் இருக்கிறது, அதுவும் இலவசம். பல நாட்டு மாணவர்களுக்கு வைக்கும் இரண்டு பெரிய தேர்வுகள் இருக்கின்றன: ஓஇசிடி அமைப்பு நடத்தும் பிசா 2000-இலிருந்து நடக்கிறது, ஐஇஏ அமைப்பின் டிம்ஸ் (கணக்கு, அறிவியல் தேர்வு) 1995-இலிருந்து நான்கு வருடத்துக்கு ஒருமுறை. இரண்டின் மாணவர் டேட்டாவும் இணையத்தில் திறந்தே கிடக்கிறது. கணக்கு ஆசிரியர் என்பதால் உங்களுக்கு டிம்ஸ் இன்னும் சுவாரசியமாக இருக்கும், மாணவர் டேட்டாவோடு ஆசிரியர் வினாநிரலும் சேர்ந்தே வரும். ஒரே எச்சரிக்கை: அதில் ஒரு பிள்ளைக்கு ஒரே மதிப்பெண் இருக்காது. எந்தப் பிள்ளையும் முழு வினாத் தொகுப்பையும் எழுதுவதில்லை, ஒரு பகுதியைத்தான் எழுதும், அதனால் 'பிளாசிபிள் வேல்யூ' என்று அந்தப் பிள்ளை பெற்றிருக்கக்கூடிய பல மதிப்புகளைக் கொடுத்திருப்பார்கள். பிசாவில் 2012 வரை ஐந்து, 2015-இலிருந்து பத்து. இவற்றைச் சராசரி எடுத்து ஒரே பத்தியாக்கி ஓட்டுவது எல்லோரும் செய்யும் முதல் தப்பு. ஒவ்வொன்றையும் தனியாக ஓட்டி, அப்புறம் முடிவுகளைச் சேர்க்க வேண்டும். ஐஇஏ தரும் ஐடிபி அனலைசர் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்து கொடுத்துவிடும்.

வகுப்பு அளவு பற்றி அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடந்த ஸ்டார் பரிசோதனையின் டேட்டாவும் பொதுவில் கிடைக்கிறது. 1985-இல் தொடங்கி நான்கு வருடத்தில் 11,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள், சிறிய வகுப்பு பெரிய வகுப்பு என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். மல்டிலெவல் பழக இதைவிட நல்ல பயிற்சி டேட்டா நான் பார்த்ததில்லை.

ஒலிநாடா

நேர்காணல் பக்கம் 'ஒதுங்குவது' என்று நடுவரிசை எழுதியது கொஞ்சம் சுருக்கென்றது 🙂 அது சுலபமான வேலை இல்லை. ஒரு மணி நேர ஆடியோவை எழுத்தாக்க எனக்கு இன்றும் ஐந்தாறு மணி நேரம் ஆகிறது.

பின்னக்கோடு, நீங்கள் ஒன்பது வருடம் ஆசிரியராக இருந்தவர் என்பதுதான் உங்களுக்கு இருக்கும் பலம், ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. நானும் ஆசிரியராக இருந்து வந்தவள். என் முதல் நேர்காணலின் ஒரு பகுதி இப்படிப் போகும்:

நான்: பின்னத்துல பசங்க எங்க தடுமாறுவாங்க?
ஆசிரியர்: அது வந்து, கீழ இருக்கற எண்ணு...
நான்: ஆமா ஆமா, பகுதி வேற வேறயா இருந்தா கூட்டத் தெரியாது, இல்லயா?
ஆசிரியர்: ம்... ஆமா.

அந்த ஆசிரியர் என்ன சொல்ல வந்தார் என்பது எனக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விட்டது. அந்த "ம்... ஆமா"வை எடுத்துக்கொண்டுபோய் 'ஆசிரியர்கள் வேறுபட்ட பகுதிகளைச் சிக்கலாகக் கருதுகிறார்கள்' என்று ஒரு கருப்பொருளாகவும் (நேர்காணல்களிலிருந்து ஆய்வாளர் எடுத்துச் சொல்லும் பொதுக் கருத்து) எழுதி வைத்திருந்தேன். புராஜெக்ட் தலைவர் அந்த எழுத்தாக்கத்தை வாங்கி, நான் பேசியதையெல்லாம் சிவப்பில் அடிக்கோடிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பக்கம் முழுக்கச் சிவப்பு. எந்தப் பட்டறையும் இப்படி உங்கள் குரலை உங்களுக்கே போட்டுக் காட்டாது, அதற்கு நேரமும் இருக்காது.

'கருப்பொருள்கள் டேட்டாவிலிருந்து தானாக எழுந்தன' என்று எழுதும் பழக்கத்தையும் இப்போதே விட்டுவிடுங்கள். கருப்பொருள் பகுப்பாய்வு பற்றி பிரான், கிளார்க் இருவரும் 2006-இல் எழுதிய கட்டுரையைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், அதிலேயே அவர்கள் கருப்பொருள் தானாக எழாது, ஆய்வாளர்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார் என்று கண்டித்திருக்கிறார்கள். மேற்கோள் காட்டுபவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் தாண்டிவிடுவார்கள் போல.

மூன்றாம்பிரதி

எல்லோரும் புராஜெக்ட் புராஜெக்ட் என்கிறீர்கள், ஒருவராவது நிபந்தனை பற்றிப் பேசவில்லையே.

நானும் இப்படித்தான் ஆர்வத்தோடு போய்ச் சேர்ந்தேன். 'வாரம் பத்து மணி நேரம்' என்று சொன்னது மூன்றாம் மாதத்தில் இருபத்தைந்து ஆனது. அதையும் பொறுத்துக்கொண்டேன். சேகரித்த டேட்டாவில் ஒரு பகுதியை என் ஆய்வேட்டில் பயன்படுத்தலாம் என்று வாய்ப்பேச்சாகச் சொல்லியிருந்தார்கள். கடைசியில் பார்த்தால் ஆசிரியர்களும் பெற்றோரும் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தில் 'இந்தத் திட்டத்தின் அறிக்கைக்காக மட்டும்' என்று இருந்தது. நெறிமுறைக் குழு மாணவர் ஆய்வேட்டுக்கு எடுக்க விடவில்லை, அவர்கள் செய்தது சரியும்தான், கையெழுத்துப் போட்டவர்களுக்குச் சொன்ன வாக்கு அது. கட்டுரை வெளிவந்தபோது என் பெயர் நன்றியுரையில் இருந்தது, இனிஷியல் தப்பாக.

ஆகையால் சேருவதற்கு முன்னால் மூன்று விஷயம் கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அதற்கு மேல் போனால் என்ன. எந்த வேலை செய்தால் கட்டுரையில் ஆசிரியர் பெயர் வரிசையில் இடம் கிடைக்கும். டேட்டாவை உங்கள் ஆய்வேட்டுக்கு எடுக்கலாமா, எடுக்கலாம் என்றால் ஒப்புதல் படிவத்தில் அது எழுதியிருக்கிறதா. இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற பேராசிரியரிடம் ஒரு வருடம் வேலை செய்ய வேண்டாம்.

கரும்பலகை

மூன்றாம்பிரதி சொன்னதில் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம், எனக்கே தோன்றவில்லை. பின்னக்கோடு, வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும்போது பிள்ளைகளின் நோட்டைப் போட்டோ எடுப்பீர்களா? எடுத்தால் ஆசிரியர் ஒப்புதல் மட்டும் போதாது, பெற்றோர் ஒப்புதலும் வேண்டும், பிள்ளையிடமும் கேட்க வேண்டும். இதையெல்லாம் களத்துக்குப் போவதற்கு முன்னாலேயே குழுவில் வாங்கியிருக்க வேண்டும், போய்விட்டு வந்து வாங்க முடியாது.

வெளிவாசல்

கூடுதலாக ஒன்று. உங்கள் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே எல்லாம் கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள். ஐரோப்பியக் கல்வி ஆய்வுச் சங்கம் தன் பெரிய மாநாட்டுக்கு முன்னால் இளம் ஆய்வாளர்களுக்கென்று தனியாக ஒரு மாநாடு நடத்துகிறது, முடிக்காத ஆய்வையும் அங்கே கொண்டுபோய் வைக்கலாம். இலக்கியத் தேடலுக்குக் கல்வி ஆய்வுக் கட்டுரைகளின் எரிக் தரவுத்தளம் போதும், காசு கிடையாது. புள்ளியியல் மென்பொருளில் ஆர், ஜமோவி இரண்டும் இலவசம், காசு கொடுத்து வாங்கும் எஸ்பிஎஸ்எஸ் உரிமம் இல்லையே என்று யாரும் அழ வேண்டியதில்லை.

பின்னக்கோடு

எல்லோருக்கும் நன்றி. ஒலிநாடா அக்கா, அந்த உரையாடலைப் படித்ததும் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை, ஏனென்றால் நானும் அதைத்தான் செய்வேன்.

இன்று காலை அந்தப் பேராசிரியரைப் பார்த்து மூன்று கேள்வியையும் கேட்டேன். கேட்கும்போது குரல் கொஞ்சம் நடுங்கியது. முதலிரண்டுக்கும் அங்கேயே பதில் சொன்னார்: பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் அடுத்த வாரத்தில் கழித்துக்கொள்ளலாம், நேர்காணலும் பகுப்பாய்வும் செய்தால் பெயர் உண்டு. மூன்றாவதைக் கேட்டதும் கணினியைத் திறந்து ஒப்புதல் படிவத்தைப் பார்த்தார். அதில் மாணவர் ஆய்வேடு பற்றி ஒரு வார்த்தை இல்லை. "நல்ல வேளை, குழுவுக்கு அடுத்த வாரம்தான் போகிறது" என்று சொல்லி என் முன்னாலேயே ஒரு வரி சேர்த்தார். பிள்ளைகளின் நோட்டு போட்டோவும் அதில் விட்டுப்போயிருந்தது, அதையும் சொன்னேன், எழுதிக்கொண்டார்.

பட்டறை ஒருங்கிணைப்பாளரிடம் மல்டிலெவல் இரண்டு நாள் மட்டும் வரலாமா என்று கேட்டேன். வரலாமாம், சான்றிதழ் தர மாட்டார்களாம். களப்பணியில் அந்த இரண்டு நாளை ஈடுகட்டப் பேராசிரியரும் ஒப்புக்கொண்டார்.

அடுத்த மாதம் என் முதல் நேர்காணல். கிளம்பும்போது பேராசிரியர், ஒரு கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து எண்ணச் சொன்னார்.

ஒலிநாடா

ஐந்து போதாது, எட்டு எண்ணுங்கள். அப்புறம் ரெக்கார்டரை மின்விசிறிக்குக் கீழே வைக்காதீர்கள், என் முதல் நான்கு ஆடியோவில் அதுதான் பேசுகிறது.