லிமிடெட் கம்பெனி வச்சிருக்கவங்க சம்பளம் எவ்ளோ, டிவிடெண்ட் (கம்பெனி லாபத்துல பங்கு) எவ்ளோ எடுக்குறீங்க?

எல்லாருக்கும் வணக்கம், யூகேல சொந்த லிமிடெட் கம்பெனி வழியா கான்ட்ராக்ட் வேலை பாக்குறேன், நான் மட்டும்தான் டைரக்டர், வேற ஸ்டாஃப் கிடையாது, ஐஆர்35க்கு (கம்பெனி வழியா வேலை பாத்தாலும் சம்பள ஊழியர் மாதிரியே வரி போடுற விதி) வெளியதான் இருக்கேன். 2025-26 வரி வருஷத்துக்கு சம்பளத்த 12,570 பவுண்ட் வைக்கவா, இல்ல 5,000லயே நிறுத்திட்டு மீதிய டிவிடெண்டா எடுக்கவான்னு ரெண்டு வாரமா மண்டைய பிச்சிக்கிட்டு இருக்கேன்.

5,000க்கு மேல போனா கம்பெனி 15% நேஷனல் இன்சூரன்ஸ் (சம்பளத்து மேல அரசுக்கு கட்டுற சமூகப் பாதுகாப்பு பணம்) கட்டணும், என்ன மாதிரி ஒத்த ஆளுக்கு எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸும் (கம்பெனி கட்டுற இன்சூரன்ஸ்ல கிடைக்கிற தள்ளுபடி) இல்ல, அதுல 1,135 பவுண்ட் போகுது, ஆனா சம்பளம் இன்சூரன்ஸ் ரெண்டும் செலவா கழியறதால 19% கார்ப்பரேஷன் டாக்ஸ்ல (கம்பெனி லாபத்து மேல வரி) 1,650 கிட்ட மிச்சமாகுது, அதனால 12,570தான் நல்லதுன்னு என் கணக்கு சொல்லுது, சரியா? அதோட 6,500க்கு கீழ எடுத்தா ஸ்டேட் பென்ஷனுக்கு (அரசு பென்ஷன்) அந்த வருஷம் தானா சேராது, எனக்கு அதுதான் பெரிய கவலையே.

இன்னொன்னு, 2025-26ல மொத்த வருமானம் 50,270 தாண்டினா டிவிடெண்ட் வரி 8.75%லருந்து 33.75%க்கு எகிறுது, அதுக்கு மேல இருக்கறத கம்பெனிலயே விட்டு வைக்கிறீங்களா, இல்ல கம்பெனி மூலமா நேரா பென்ஷன்ல போடுறீங்களா? அனுபவம் இருக்கவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.