பஸ் ஹோல்டில நிண்டவனுக்கு என்ர லேன் எப்பிடித் தெரிஞ்சது?

வெள்ளவத்தையில அனெக்ஸ் எடுத்து இருக்கிற பிள்ளையள் இதை ஒருக்கா வாசியுங்கோ. போன கிழமை நடந்தது, இன்னும் படபடப்புப் போகேல்ல.

வேலை முடிஞ்சு 100 பஸ்ஸில வந்து இறங்கிறன், ஹோல்டில ஒரு பெடியன், முந்தி ரியூஷனில கண்ட முகம், சிரிச்சுக்கொண்டு வந்து "ராத்திரி ஒரு மணி மட்டும் நித்திரை இல்லைப் போல, லேன் கடைசி வீடுதானே உங்கட" எண்டான். அவனோட நான் ஒரு நாளும் கதைச்சதே இல்லை. கால் ஓடேல்ல. பக்கத்து ஃபார்மசிக்குள்ள போய் நிண்டு வீட்டுக்கார அன்ரிக்கு அடிச்சன், அவ மகனை அனுப்பினா, வழி முழுக்க அக்காவுக்கு வட்ஸ்அப்பில லைவ் லொகேஷன் போட்டுக்கொண்டுதான் வந்தனான்.

யோசிச்சுப் பாத்தாப் பிறகுதான் பிடிபட்டது. வெசாக் அண்டைக்கு கங்காராமைப் பக்கம் சனத்துக்க ஆளையாள் தொலைச்சுப் போடுவம் எண்டு, படம் அனுப்புற ஒரு ஆப்பில ஆர் எங்க நிக்கினம் எண்டு காட்டுற மெப்பை எல்லாரும் போட்டனாங்கள். வட்ஸ்அப்பில எண்டா 15 நிமிஷம், 1 மணித்தியாலம், 8 மணித்தியாலம் எண்டு கேக்கும், நேரம் முடிய தானா நிண்டிடும். இதில அப்பிடி ஒண்டும் இல்லை, நாங்களாத்தான் நிப்பாட்டோணும், ஆப்பைத் திறக்கத் திறக்க இடம் மாறும். நான் படுக்கப் போகேக்க திறக்கிறனான், அதால விடியும் வரைக்கும் மெப்பில என்ர பொம்மைப் படம் அந்த வீட்டு மேலயே, ஆப்பில சேத்து வைச்ச ஆக்களுக்குத் தெரியிற மாதிரி நிண்டிருக்கு.

——

தங்கச்சி, மெப் இல்லாட்டியும் இடம் பிடிக்கலாம், அதையும் சொல்லோணும். ஆள் தேடிப் பழகிற ஆப்புகளில தூரம் மட்டும்தானே போடும், அதில என்ன இருக்கு எண்டு நினைப்பம். பம்பலப்பிட்டியில நிண்டு ஒரு தூரம், தெஹிவளையில நிண்டு ஒரு தூரம் எடுத்து, அந்தந்தத் தூரத்துக்கு ரெண்டு வட்டம் கீறினா ரெண்டு இடத்தில வெட்டும், வேற ஊர் எண்டா எது சரி எண்டு பாக்க மூண்டாவது வட்டம் வேணும், ஆனா கடற்கரையோட போற காலி வீதியில நிண்டு கீறினா அனேகமா ஒண்டு கடலுக்க விழும், மிஞ்சிறது வீடு. டிண்டர் எண்ட அப்பிடியான ஆப்பில இப்பிடி ஒரு ஓட்டை இருந்ததை 2014இல பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளியில சொன்னவை, அதுக்கு முதலே கம்பனி அதை அடைச்சிட்டுது. ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 12 இல இருந்து, ஒவ்வொரு ஆப்புக்கும் சரியான இடத்தைக் குடுக்காம சுமாரா மட்டும் குடுக்கலாம். செட்டிங்ஸில போய் மாத்துங்கோ, இண்டைக்கே.

——

லொகேஷன் போடுறதை ஒரேயடியா நிப்பாட்டச் சொல்லாதேங்கோ பிள்ளையள். என்ர மகள் நைட் ஷிப்ட் முடிஞ்சு ஓட்டோவில ஏறேக்க எனக்கு லொகேஷன் போட்டு விடுவா, நான் கொட்டாஞ்சேனையில இருந்து அந்தப் புள்ளி ஆமர் வீதி தாண்டும் மட்டும் பாத்துக்கொண்டே இருப்பன். ஒருநாள் கிராண்ட்பாஸ் பக்கம் திரும்பிட்டுது, நெஞ்சு அடைச்சுப் போச்சு, எடுத்துக் கேட்டா றோட்டில வெள்ளமாம், சுத்தி வருதாம். அது இல்லாம எனக்கு நித்திரை வராது.

——

ஓம் அம்மா, அக்காவுக்குப் போடுறதை நானும் நிப்பாட்டேல்ல. மற்ற ஆப்பில இருந்த ஆக்களை நேற்று இருந்து எண்ணினன், 214 பேர், நேரில தெரிஞ்சவை 31. மிச்சம் எல்லாரையும் எடுத்திட்டன்.